இடது பக்கம் இரண்டாவது பல்

கல்கரி
24 மார்ச் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு முறையும் வால்ட்டர் அத்தான்தான் எடுத்தார். "அத்தான், நான் எமில்" என்றதும் வைத்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

என் படங்கள் புத்தகமாக வரப்போகின்றன. பதினான்கு வருடமாகப் புல்லிலும் பனியிலும் குப்புறக் கிடந்ததற்கு முதல்முறையாக ஒரு பலன். கோடையில் தேசியப் பூங்காவுக்கு ஜனம் வந்து குவிவதற்குள், ஜூன் கடைசியில், எல்லாக் கடைகளிலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். அட்டைக்காக நூற்றிருபது ஃபிலிம் ஸ்லைடுகளை விளக்கு மேசையில் பரப்பி வைத்தேன். பதிப்பாசிரியர் நோரீன் ஒன்றின் மேல் விரலை வைத்தாள். "இதுதான். இது இல்லேன்னா இந்த வருஷம் புத்தகமே இல்ல" என்றாள்.

அது நம் மேற்கு மேய்ச்சல் நிலம். மஞ்சள் புல், நம் ஓடை, ஒரு மூலையில் உன் மாடுகள் நான்கு, பின்னால் சீப்பு மலை. ஐந்து பல் சிகரங்களும் தெளிவாக இருக்கின்றன, இடது பக்கம் இரண்டாவது உடைந்தது உட்பட. நடுவில் ராஜாளிக் கூடு இருந்த அந்தப் பாறை.

பதறாதே. படத்தில் பறவை இல்லை. அக்டோபரில் எடுத்தது, ஒரு இறகுகூடக் கிடையாது. ஆனாலும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

அச்சுக்காரர்களை நினைத்தால்தான் பயம். போன வருடம் டெஸ்மண்டின் ஸ்லைடை மறுபுறமாகத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டார்கள். மலைக்கு மேற்கே இருக்கும் ஏரி, கண்ணாடியில் தெரிவது போல, கிழக்கே போய்விட்டது. எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தில் இன்றைக்கும் அவன் பெயர் 'கண்ணாடி'. தன் படத்தின் இடது வலது தெரியாதவனை யார் மதிப்பார்கள்? நான் நேர்ப்பக்கம் எது என்று தெரிய ஒவ்வொரு ஸ்லைடின் இடது கீழ் மூலையிலும் சிவப்புப் பொட்டு வைத்துத்தான் வெளியே விடுவேன்.

சரி என்று ஒரு வரி எழுது.

எமில்

*

கூழாங்கல் ஓடை
30 மார்ச் 1979

எமிலுக்கு,

கூடாது.

உனக்கு ஒரு சொல் போதாது, தெரியும். அதனால் மேலே எழுதுகிறேன். உன் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ பூங்கொத்து மட்டும் அனுப்பிவிட்டுக் கல்கரியிலேயே இருந்துகொண்டாய். இங்கே நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். பூவைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டது.

இரண்டு வருடம் முன்னால் அந்தக் கூட்டை நீ பத்திரிகையில் போட்டாயே, பின்னால் சீப்பு மலையும் தெரிய. ஜூன் மாதம் இரண்டு பேர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நம் முற்றத்துக்கு வந்தார்கள். உன் அத்தானுக்குத்தான் யார் வந்தாலும் உட்காரவைத்துக் காப்பி கொடுக்க வேண்டுமே. கொடுத்தார். "இந்தப் பாறை எங்கங்க இருக்கு?" என்று கேட்டார்கள். "அதோ, நம்ம நிலந்தான். என் மச்சினன் எடுத்த படமாக்கும்" என்று தன் கையாலேயே காட்டினார். அவருக்கு அவ்வளவு பெருமை.

அவர்கள் வண்டியில் கயிறு இருந்ததைப் பிறகுதான் பார்த்தார். தடுக்கப் பாறையில் ஏறிப் போனார். விழுந்தார். இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள். குஞ்சுகள் மூன்றையும் வெளிநாட்டில் யாருக்கோ விற்கக் கொண்டுபோனவர்கள் எல்லையில் பிடிபட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது மூன்றும் செத்திருந்தன.

வால்ட்டர் உன்மேல் மட்டும் கோபமாக இருக்கிறார் என்று நினைக்காதே. பாறையைக் காட்டிய தன் விரலையும் அவர் மன்னிக்கவில்லை.

வேறு படம் போடு.

ஹில்டா

*

கல்கரி
5 ஏப்ரல் 1979

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அத்தான் கையால் காட்டினார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை.

நான் வரவில்லை என்பது உண்மை. வந்து எந்த முகத்தோடு நிற்பது என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது வாரமாகி, வருடமாகிவிட்டது.

ஆனால் ஒன்று சொல். இது வெறும் பாறை. கூடு காலியாகி இரண்டு வருடம் ஆயிற்று. நோரீனிடம் வேறு படம் கேட்டுப் பார்த்தேன். "என்ன எமில், விளையாடுறியா? கடைக்காரங்ககிட்டயெல்லாம் அட்டையில அந்த மலைதான்னு சொல்லியாச்சு. அத மாத்தினா அடுத்த வருஷம் பாக்கலாம், அதுவும் நிச்சயமில்ல" என்றாள். எனக்கு வயது நாற்பத்தொன்று. அடுத்த வருடம் என்று யாராவது சொன்னால் நம்பும் வயது போய்விட்டது.

செத்துப்போன பறவைகளுக்காக உயிரோடு இருக்கிற ஒருவனைப் பட்டினி போடுவாயா?

எமில்

*

கூழாங்கல் ஓடை
11 ஏப்ரல் 1979

எமில்,

இதை எழுதக் கூடாது என்று ஐந்து நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். நீ விடமாட்டாய். சொல்லிவிடுகிறேன்.

அவை திரும்பி வந்துவிட்டன.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை வால்ட்டர் சமையலறை ஜன்னலில் பைனாகுலரோடு நின்றிருந்தார். "ஹில்டா, அடுப்ப அணைச்சிட்டு இங்க வா" என்றார். போய்ப் பார்த்தேன். பெட்டை ராஜாளி அதே பாறை விளிம்பில் உட்கார்ந்து புறா ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவர் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தானே காப்பி போடுகிறார். நேற்றுப் பெட்டைக்கு ஆண் இரை கொண்டுவந்து கொடுத்து அடிவாங்கியதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தார், எமில். விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை.

வெறும் பாறை என்கிறாய். பாறையில் வழியும் வெள்ளைக் கறை உன் படத்தில் இருக்கிறதா இல்லையா? ராஜாளி எச்சம் அப்படித்தான் வழியும், வருடக்கணக்கில் போகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். குஞ்சு திருடுகிறவனுக்கு அது தெரியாதா? கறையைப் பார்ப்பான், பல்லை எண்ணுவான், நேரே இங்கே வந்து நிற்பான். இன்னொரு தரம் அது நடந்தால் வால்ட்டர் மீண்டும் ஏறுவார். அவரால் ஏற முடியாது. ஆனால் ஏறுவார்.

எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது, இப்போது உனக்கும் தெரியும். யாரிடமும் மூச்சுவிடாதே. இங்கே வராதே. உன் கை சும்மா இருக்காது.

ஹில்டா

*

கூழாங்கல் ஓடை
23 ஏப்ரல் 1979

எமில்,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. ஏன் என்று இன்றைக்குத் தெரிந்தது.

மேற்கு வேலி வாசலின் கம்பி வளையத்தை யாரோ கழற்றித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இருந்தபடியே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்த அளவுக்கு மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆனால் கம்பி எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. இடது கைக்காரன் முறுக்கு. நம் வாசல் பழக்கமும் இடது கையும் சேர்ந்து இருக்கிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான்.

அது முட்டையிடும் நேரம். ஆள் நடமாட்டம் கண்டால் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும் என்று உனக்குத் தெரியாததில்லை.

எத்தனை படம் எடுத்தாய்? எந்தப் பத்திரிகைக்கு?

ஹில்டா

*

கல்கரி
28 ஏப்ரல் 1979

அக்கா,

வந்தேன். இருபதாம் தேதி.

காரணம் கேட்காதே, நீ முதலிலேயே எழுதிவிட்டாய். கை சும்மா இருக்கவில்லை. எதிர்ச் சரிவின் உச்சியில் புதரில் படுத்துக்கொண்டேன். நல்ல தூரம், பெரிய லென்ஸ். பெட்டை ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு பொருட்படுத்தவில்லை. அது எழுந்தபோது உள்ளே மூன்று முட்டை இருந்தது, செம்மண் நிறத்தில். நான்காவதும் இருக்கலாம். ஒரு ஃபிலிம் சுருள் முழுவதும் எடுத்தேன், முப்பத்தாறு படம். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படங்கள் அவைதான் என்று கழுவாமலே சொல்வேன்.

திரும்பும்போது வாசலைக் கட்டிக்கொண்டே வீட்டைப் பார்த்தேன். அத்தான் படிக்கட்டில் நின்றார், கையில் பைனாகுலர். அது பாறையை நோக்கி இல்லை. என்னை நோக்கி இருந்தது. நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

சுருளை இத்துடன் தகர டப்பாவில் வைத்து அனுப்புகிறேன். கழுவவில்லை, யாரிடமும் காட்டவில்லை. குஞ்சுகள் பறந்துபோன பிறகு திருப்பிக் கொடு. அதற்கு முன்னால் கொடுத்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் இருப்பதுதான் நல்லது.

அட்டைப் படத்தைப் பற்றி இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன்.

எமில்

*

கூழாங்கல் ஓடை
4 மே 1979

எமில்,

உன் டப்பா வந்தது. வால்ட்டர் என்னவென்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை.

உன்னைப் பார்த்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. இப்போதுதான் சொன்னார். "அன்னைக்கு வாசல்ல நின்னான். தொப்பியத் தூக்கி ஆட்டுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவ ஆட்டியிருந்தாக்கூட, உள்ள வாடான்னு கூப்பிட்டிருப்பேன். திருடன் மாதிரி வண்டியில ஏறிட்டான்" என்றார்.

பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "வால்ட்டர், வேண்டாம்" என்றேன். சுருளின் நுனியைப் பிடித்து முழுவதையும் வெயிலில் இழுத்துவிட்டார். வெளிச்சம் பட்டு முப்பத்தாறு படமும் அழிந்து, முற்றத்தில் பழுப்பு நாடாவாகக் கிடந்தது. அவருக்குக் குனிய முடியாது, நான்தான் பொறுக்கினேன்.

அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். உன்னைவிட நான்தான் அதிகம் அழுதிருப்பேன்.

முட்டை நான்கு.

ஹில்டா

*

கல்கரி
9 மே 1979

ஹில்டா அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நம்பிக் கொடுத்தேன். நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அது. அதை வெயிலில் போட்டுவிட்டீர்கள். அத்தானிடம் சொல், கணக்கு நேராகிவிட்டது.

நோரீன் அசையவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பாறையில அப்படி என்னதான் இருக்கு? சொல்லு, கேக்கறேன்" என்றாள். சொல்ல முடியுமா? ஒன்றுமில்லை என்றேன். "அப்ப கையெழுத்துப் போடு" என்றாள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறேன். மாதிரித் தாளை நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இயந்திரம் ஓடும். போடாவிட்டால் புத்தகம் இல்லை.

என்ன செய்யப்போகிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய கடமை இனி எனக்கு இல்லை. நீயும் எழுத வேண்டாம்.

எமில்

*

கூழாங்கல் ஓடை
26 ஜூன் 1979

எமில்,

எழுதாதே என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. நான்கு முட்டையும் பொரிந்ததைக்கூட எழுதவில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தபாலாபீசில் உன் புத்தகம் வந்திருக்கிறது. அட்டையில் பாறை. போட்டுவிட்டானே பாவி என்று நினைத்தேன். அங்கே பக்கத்து நிலத்து ஆர்வில் நின்றுகொண்டு ஊரையே கூட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஹில்டா, உன் தம்பி என் மாட்டப் படம் புடிச்சு அட்டையில போட்டிருக்கான் பாரு. ரொம்ப நன்றின்னு சொல்லு" என்றான்.

வாங்கி உற்றுப் பார்த்தேன். நம் பிறைச் சூட்டுக் குறி மாட்டின் இடது விலாவில் இருக்க வேண்டும், பிறை வலது பக்கம் திறந்திருக்க வேண்டும். அட்டையில் வலது விலாவில் இருக்கிறது, பிறை இடது பக்கம் திறந்திருக்கிறது. அது ஆர்விலின் குறி. அப்புறம்தான் மலையைப் பார்த்தேன். உடைந்த பல் வலது பக்கம் போயிருக்கிறது. ஓடை எதிர்த்திசையில் ஓடுகிறது.

ஏண்டா, உன் கண்ணை எங்கே அடகு வைத்தாய்? டெஸ்மண்டைப் பார்த்துச் சிரித்தாயே, இப்போது மொத்த மாவட்டமும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்குக் கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை.

வால்ட்டர் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "அவன் முதல்ல எழுதின கடுதாசி இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போய்விட்டார்.

என்னடா நடந்தது?

ஹில்டா

*

கல்கரி
1 ஜூலை 1979

அக்கா,

தவறு என்னுடையது. மாதிரித் தாளைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நோரீனிடமும் அச்சகத்திலும் அப்படியே ஒப்புக்கொண்டேன். யார் கேட்டாலும் நீயும் அதையே சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

சங்கத்தில் டெஸ்மண்ட் எழுந்து நின்று கைதட்டி, "வாங்க கண்ணாடி, உக்காருங்க" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தான். அந்தப் பெயர் இனி எனக்குத்தான். இலையுதிர் காலத்தில் வைப்பதாக இருந்த என் கண்காட்சியைக் காட்சிக்கூடத்துக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இரண்டாவது புத்தகம் பற்றி நோரீன் பேசுவதில்லை.

குஞ்சுகள் எப்போது பறக்கும் என்று மட்டும் எழுது.

எமில்

*

கூழாங்கல் ஓடை
16 ஜூலை 1979

அன்புள்ள எமிலுக்கு,

நான்கும் பறந்துவிட்டன. கடைசிக் குஞ்சு நேற்றுக் காலை விளிம்பில் நின்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுக் குதித்தது. இனி எவன் கயிறு கட்டி இறங்கினாலும் காலிக் கூடுதான். அதனால் இப்போது எழுதலாம்.

ஏழாம் தேதி ஒரு வண்டி வந்தது. ஓட்டியவன் ஒருவன், பக்கத்தில் ஒருவன். பின்னால் தார்ப்பாய். காற்றில் அதன் ஓரம் தூக்கியபோது கயிற்றுச் சுருளைப் பார்த்தேன். வால்ட்டர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இந்த முறை அவர் காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்தவன் இறங்கினான். கையில் உன் புத்தகத்தின் அட்டை. "ஐயா, இந்த மலை எங்க இருக்கு? படம் எடுக்கணும்" என்றான். அவன் கழுத்தில் கேமரா இல்லை.

சீப்பு மலை அவர்கள் முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று நிற்கிறது, எமில். ஒரு மேகம் கிடையாது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான். "டேய், இது மாதிரிதாண்டா இருக்கு" என்றான். அட்டையைத் தூக்கி மலைக்கு நேராகப் பிடித்தார்கள். இரண்டு பேரும் பல்லை எண்ணினார்கள். விரலால் எண்ணுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இல்லடா. இங்க உடைஞ்சது இடது பக்கம். படத்துல வலது பக்கம். ஓடையும் எதிர்ப்பக்கமா போகுது பாரு" என்றான் மற்றவன். பிறகு வால்ட்டரிடம் திரும்பினான். "வலது பக்கம் ரெண்டாவது பல் உடைஞ்ச மலை. இந்தப் பக்கம் எங்கயாச்சும் இருக்கா?"

உன் அத்தானுக்குப் பொய் வராது, உனக்குத் தெரியும். கன்றுக்கு ஊசி போடும்போதுகூட வலிக்கும் என்று சொல்லிவிட்டுப் போடுகிற மனுஷன். அவர் அட்டையை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன். அப்படி ஒரு மலைய நான் பாத்ததே இல்ல" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி தெற்கே போயிற்று. தூசி அடங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து வண்டி எண்ணைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வால்ட்டர் உன் முதல் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பத்து நாளுக்கு மேலாக அதிலேயே வைத்திருந்திருக்கிறார். சிவப்புப் பொட்டு வைப்பதைப் பற்றி நீ எழுதிய இடத்தில் நகத்தால் கோடு போட்டிருந்தார். "பொட்டு வைக்காம ஸ்லைட வெளிய விடமாட்டேன்னு சொல்றவன், கையெழுத்துப் போடறப்ப பாக்காம போடுவானா ஹில்டா? வேணும்னே பொட்ட அழிச்சு மறுபக்கம் மாத்தி வச்சிருக்கான்" என்றார். அவருக்கு அட்டையைப் பார்த்த அன்றைக்கே புரிந்திருக்கிறது. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. கண்ணை அடகு வைத்தாயா என்று எழுதினேனே, அதை மறந்துவிடு. மறக்க முடியாவிட்டால் வந்து நேரில் திட்டிவிட்டுப் போ.

சுருளை அவர் வெயிலில் இழுத்துப் போட்ட பிறகும் நீ இதைச் செய்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை முகம் மழிக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார். கன்னத்தில் பாதி நுரை. சவரக் கண்ணாடிக்கு முன்னால் உன் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ள பாரு" என்றார். பார்த்தேன். கண்ணாடிக்குள் மாட்டின் இடது விலாவில் நம் பிறை. இடது பக்கம் இரண்டாவது பல் உடைந்த சீப்பு மலை. நம் ஓடை, நம் பாறை. நல்ல படம், எமில். இதைவிட நல்ல படத்தை நீ எடுத்ததில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அதற்காக வருத்தப்படுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வா. மேற்கு வாசல் வழியாக வராதே, முன்வாசல் வழியாக வா. புளிப்பு ருபார்ப் தண்டு போட்டுக் கேக் செய்து வைக்கிறேன். குஞ்சுகள் இன்னும் ஒரு மாதம் பாறையைச் சுற்றித்தான் பறந்து பழகும்.

கடிதத்தை மூடப் போகும்போது வால்ட்டர் பின்னால் வந்து நின்றார். "அவனுக்குத்தானே? ஒரு சுருள் கூடுதலாக் கொண்டுவரச் சொல்லு. ஒண்ண நான் வீணாக்கிட்டேன்" என்றார்.

உன் அக்கா
ஹில்டா